நான்கு வருடம், இரண்டு லிபி, ஒரு டிகிரி

கேள்வி இது: "இந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொது சுகாதாரம் படிக்கச் சேர்கிறேன். வீட்டில் தமிழ்தான். இந்தி சினிமாவில் காதால் கேட்டதோடு சரி. டிகிரியோடு சேர்த்து இந்தியையும் உருதுவையும் தீவிரமாகப் படிக்க ஆசை. நான்கு வருடத்துக்குள் முடியுமா? எதை முதலில் தொடங்குவது? அப்பா, 'இரண்டு ஆற்றில் கால் வைக்காதே, ஒன்றையாவது உருப்படியாகப் படி' என்கிறார்."

முடியும். ஆனால் டிகிரிக்கான பாடங்களை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடுக்கில் மொழியைச் சொருகினால் முடியாது. நான் பார்த்தவரை இதைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் யாரும் மூளை போதாமல் விடவில்லை. டைம்டேபிளில்தான் தோற்றார்கள். அதனால் இலக்கணத்துக்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஒரு மொழியை வேலைக்கு ஆகும் அளவுக்குக் கற்க எத்தனை வகுப்பு மணி நேரம் பிடிக்கும் என்று அவர்கள் அனுபவத்தில் போட்ட, பல வருடமாகப் புழங்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்றவற்றுக்கு 600 முதல் 750 மணி நேரம். சீனத்துக்கும் அரபிக்கும் 2,200. இந்தியும் உருதுவும் நடுவில் இருக்கின்றன: 44 வாரம், 1,100 மணி நேரம்.

இப்போது பல்கலைக்கழக வகுப்பைப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் வாரத்துக்கு 5 மணி நேரம், செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு 150 மணி நேரம். மூன்றாம் வருடத்திலிருந்து பெரும்பாலும் வாரத்துக்கு 3 மணி நேரமாகக் குறையும், அப்போது வருடத்துக்கு 90. நான்கு வருடத்தையும் கூட்டினால் 480. ஒரு நாள்கூட மட்டம் போடாமல், எல்லா செமஸ்டரிலும் ஏ கிரேடு வாங்கினாலும் 1,100-இல் பாதியைத் தொடவில்லை. நான்கு வருடம் இந்தி படித்தவர்கள் ஊருக்குப் போய் டிக்கெட் கவுண்டரில் விழிப்பது இதனால்தான்.

மீதி நேரம் இரண்டு இடங்களிலிருந்துதான் வர முடியும்: கோடை விடுமுறை, மூன்றாம் வருடம். முதல் வருடம் முடிந்த கோடையில் 8 வாரத் தீவிர வகுப்பு ஒன்றில் சேர்ந்து வாரம் 20 மணி நேரம் படித்தால் 160. மூன்றாம் வருடத்தை இந்தியாவில் கழித்து 30 வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் 600. முதல் இரண்டு வருடத்தின் 300, நான்காம் வருடத்தின் 90 இவற்றோடு சேர்த்தால் 1,150. அவ்வளவுதான் ரகசியம். மற்றதெல்லாம் இந்தக் கூட்டல் கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

கலைக்கக்கூடியது உங்கள் மேஜர், அதாவது நீங்கள் பட்டம் வாங்கும் முதன்மைப் பாடம். அமெரிக்க இளங்கலைப் பட்டம் வழக்கமாக 120 கிரெடிட். அதில் மேஜருக்கு ஏறக்குறைய 50, பொதுப் பாடங்களுக்கு 40, உங்கள் விருப்பத்துக்கு 30 என்று போகும். உங்கள் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் மாறலாம். முதல் இரண்டு வருட மொழிப் பாடம் 20 கிரெடிட்டை விழுங்கும். அதில் ஒரு பகுதியைப் பொதுப் பாடக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இது தாங்கக்கூடிய சுமைதான். பொறியியல் மாணவர் யாராவது இதைப் படித்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே விருப்பப் பாடத்துக்கு இடமே கிடையாது, ஐந்தாவது வருடம் ஒன்றுக்குத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். பொது சுகாதாரம், பொருளாதாரம், அரசியல், வரலாறு எல்லாம் வளைந்துகொடுக்கும்.

வளைந்துகொடுத்தாலும் ஒன்றைப் பார்த்து வைக்க வேண்டும். புள்ளியியல் முடித்தால்தான் உயிர்ப்புள்ளியியல், அது முடித்தால்தான் எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்) என்று சங்கிலியாக வரும் பாடங்கள் உங்கள் துறையில் உண்டு. இவற்றில் சில வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். மூன்றாம் வருடம் நீங்கள் ஊரில் இல்லாதபோது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதனால் முதல் வாரத்திலேயே ஆலோசகரிடம் போய், "மூன்றாம் வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன், அதை வைத்து எட்டு செமஸ்டருக்கும் பாடம் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். "போக முடிந்தால் போவேன்" என்று சொன்னால், போகாதவருக்கான திட்டத்தைத்தான் போட்டுக் கொடுப்பார். அதே பேச்சில் இன்னொன்று: முதல் வருட மொழிப் பாடம் தெற்காசியவியல் மேஜருக்குப் பல துறைகளில் கணக்கில் வராது, இரண்டாம் வருடத்திலிருந்துதான் வரும். இரட்டை மேஜர் எண்ணம் இருந்தால் இதையும் கேட்டு வையுங்கள்.

இப்படி ஒரு ஏற்பாடு நடக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2000-களில் இந்தி உருது ஃபிளாக்‌ஷிப் என்ற இளங்கலைத் திட்டத்தைத் தொடங்கியது. எந்த மேஜர் மாணவரும் சேர முடிந்தது. இரண்டு மொழியையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. இந்தியை ஜெய்ப்பூரிலும் உருதுவை லக்னோவிலும் போய்ப் படிக்கும் ஒரு வருடமும் அதில் இருந்தது. நீங்கள் சேரப்போகும் இடத்தில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் எலும்புக்கூட்டை நீங்களே கட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. 1961-இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம்தான் ஜெய்ப்பூரில் இந்தி மையத்தையும் லக்னோவில் உருது மையத்தையும் நடத்துகிறது. எந்தப் பல்கலைக்கழக மாணவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கோடைக்கு, மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளுக்கான 8 வார வகுப்பு பல வருடமாக நடந்துவருகிறது. இரண்டு செமஸ்டர் பாடத்தை அந்த 8 வாரத்தில் முடிப்பார்கள்.

பணம்? 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் விட்டதும் அமெரிக்காவுக்கு வந்த பதற்றத்தில் 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் போட்டார்கள். அதன் ஆறாவது தலைப்பில் வெளிநாட்டு மொழிகளுக்குக் காசு ஒதுக்கினார்கள். இன்று அமெரிக்காவில் தெற்காசிய மொழித் துறைகள் இருப்பதற்கு அந்தக் காசு ஒரு பெரிய காரணம். அதன் வழியாக வந்த ஃபிளாஸ் என்ற மொழிப் படிப்பு உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் உரியது. கோடையில் முழுச் செலவையும் ஏற்று அனுப்பும் கிரிட்டிகல் லாங்குவேஜ் உதவித்தொகையும், நீண்ட படிப்புக்கான போரன் உதவித்தொகையும் குடிமக்களுக்கு மட்டும். போரன் வாங்கினால் பட்டம் முடித்த பிறகு அமெரிக்க அரசில் குறைந்தது ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படியுங்கள். மாணவர் விசாவில் வந்தவர் என்றால் இந்த மூன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த வெளிநாட்டுப் படிப்பு நிதியைத்தான் நம்ப வேண்டும். அரசுப் பணம் எல்லாமே பட்ஜெட்டோடு ஏறி இறங்கும் என்பதால், விண்ணப்பிக்கிற வருடத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திட்டம் போடுங்கள்.

சரி, இனி மொழிக்கு வருவோம். அப்பா சொல்லும் இரண்டு ஆறு உண்மையில் இரண்டு அல்ல. வாயில் இந்தியும் உருதுவும் ஒரே மொழி: ஒரே வினைச்சொற்கள், ஒரே இலக்கணம், அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஒரே சொற்கள். கையில் பேனாவை எடுத்தால்தான் இரண்டாகும். இந்தி தேவநாகரியில் எழுதிக்கொண்டு சமஸ்கிருதத்திடம் கடன் வாங்கும். உருது, அரபு எழுத்திலிருந்து வந்த நஸ்தாலிக்கில் எழுதிக்கொண்டு பாரசீகத்திடமும் அரபியிடமும் கடன் வாங்கும். எந்த எழுத்து என்பது வேலைவாய்ப்புச் சண்டையாகவும் இருந்தது. வட மேற்கு மாகாணங்களின் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) நீதிமன்றங்களில் 1900-இல் தேவநாகரியையும் பயன்படுத்தலாம் என்று ஆங்கில அரசு உத்தரவு போட்டபோது எழுந்த கோபத்திலும் கொண்டாட்டத்திலும் பாதி அதனால்தான். உங்களைப் பொறுத்தவரை இதன் பொருள் ஒன்றுதான்: அந்த 1,150 மணி நேரத்தை இரண்டாக வெட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் சம்பாதிப்பது இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து.

இன்னொன்று, அந்த 1,100 ஆங்கிலம் பேசுகிறவருக்குப் போட்ட கணக்கு. தமிழ் பேசுகிறவருக்கு வகுப்பில் சில இடங்களில் சிரிப்பு வரும். "முஜே பூக் லகீ ஹை" என்ற வாக்கியத்தில் பசிக்கிறவர் ஏன் "எனக்கு" ஆனார் என்று பக்கத்துப் பெஞ்சில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நீங்கள் "எனக்குப் பசிக்கிறது" என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். "லிக் ரகா ஹை" என்றால் எழுதி வைத்திருக்கிறேன், "லே லோ" என்றால் எடுத்துக்கொள், "ஸோ கயா" என்றால் தூங்கிப்போனான். இந்த "வை", "கொள்", "போ" எல்லாம் எதற்கு ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று ஆங்கிலத்தில் விளக்கப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும். உங்களுக்கு அது காதிலேயே இருக்கிறது. சாப்பாடு கீப்பாடு என்பதுபோல அவர்களுக்குக் கானா வானா.

அப்புறம் அடி விழும் இடங்கள். முதல் அடி பால். மேஜை பெண், காகிதம் ஆண், புத்தகம் பெண். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லைக் கற்கும்போதே பாலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, இறந்த காலத்தில் வரும் "நே". "மைன் நே கிதாப் படீ" என்று ஒரு ஆண் சொல்கிறார்; படித்தவர் ஆண், ஆனால் வினை புத்தகத்தின் பெண்பாலைப் பார்த்து "படீ" ஆகிவிட்டது. "படித்தேன்" என்று வினையிலேயே தன்னை ஒட்டிக்கொண்டு பழகிய நமக்கு, வினை நம்மை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு போய்விடுவது பொறுக்காது. மூன்றாவது, "வருவேன் என்று சொன்னான்" என்பதில் நாம் சொன்னதை முன்னால் வைத்து "என்று" போட்டு முடிப்போம். அவர்கள் "சொன்னான்" என்பதை முன்னால் போட்டு, "கி" என்று ஒரு கொக்கியை மாட்டி, சொன்னதைப் பின்னால் தொங்கவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசியில் வினை வரும் என்ற நம்பிக்கையில் நாம் காத்திருக்கும்போது அவர்கள் பேசி முடித்திருப்பார்கள்.

நான்காவதுதான் பெரியது, அது வாயை விடக் கையில் இருக்கிறது. முதல் மாதம் நான் வகுப்புக் குறிப்பு முழுவதும் தமிழ் எழுத்தில் எழுதினேன். வேகமாக வந்தது. மாதக் கடைசியில் நோட்டைத் திறந்தால் ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் "கானா" என்று எழுதியிருந்தேன். ஒன்று சாப்பாடு, ஒன்று பாட்டு, ஒன்று ஒற்றைக் கண்ணன். க-வுக்கு அவர்களிடம் நான்கு ஒலி, நம்மிடம் ஒரே எழுத்து. எது எதுவென்று நோட்டும் சொல்லவில்லை, நினைவும் சொல்லவில்லை. அன்றே அந்தப் பழக்கத்தை விட்டேன். நீங்கள் தொடங்கவே தொடங்காதீர்கள். ஆங்கில எழுத்திலும் வேண்டாம், அது இன்னும் மோசம்.

அதனால்தான் தேவநாகரியை முதலில் வையுங்கள் என்கிறேன். இரண்டு லிபியையும் முதல் நாளிலேயே தொடங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணங்களும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது ஒத்துவரவில்லை என்பது என் அனுபவம். தேவநாகரியின் வரிசை நமக்குத் தெரிந்த வரிசைதான்: க, ச, ட, த, ப என்று தொண்டையிலிருந்து உதட்டுக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் பிறகு, நம்மிடம் தனி எழுத்து இல்லாத மூன்று ஒலிக்கு இடம் போட்டிருக்கும். காது இதுவரை பிரித்துக் கேட்காததைக் கண் பிரித்துக் காட்டும். இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம்.

நஸ்தாலிக்கை இரண்டாவது செமஸ்டரில் தொடங்குங்கள், கூடிப்போனால் இரண்டாம் வருடத் தொடக்கத்தில். வலமிருந்து இடம் போவதோ எழுத்து இடத்துக்கு இடம் உருமாறுவதோ பெரிய தொல்லை இல்லை, ஒரு மாதத்தில் பழகிவிடும். ஒரே ஒலிக்கு நான்கு எழுத்து இருப்பதும் எழுதும்போதுதான் படுத்தும். படிக்கும்போது படுத்துவது, குறில் உயிரை அதில் எழுதுவதில்லை என்பது. "இஸ்" என்றால் இந்த, "உஸ்" என்றால் அந்த; இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டு. "மைன்" என்றால் நான், "மேன்" என்றால் உள்ளே, அதுவும் ஒன்றே. "தும் நே க்யா கியா?" என்றால் "நீ என்ன செய்தாய்?". அதில் கடைசி இரண்டு சொல்லையும் நஸ்தாலிக்கில் எழுதினால் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதியதுபோல அச்சுப் பிசகாமல் இருக்கும். மொழி தெரிந்தவர் அதை நொடியில் படித்துவிடுவார். மொழி தெரியாதவர் எழுத்தை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் படிக்க முடியாது. உருது எழுத்து ஏற்கெனவே காதில் இருக்கும் சொல்லை நினைவூட்டும், அவ்வளவுதான். அதனால் காதில் ஒரு ஆயிரம் சொல் சேரட்டும், பிறகு போங்கள்.

பயப்படவும் வேண்டாம். "பாவம்" என்று எழுதியிருந்தால் அது இரக்கமா, நடனத்தின் முகபாவமா என்று இடம் பார்த்துப் படிக்கிற ஆள் நீங்கள். எழுத்து சொல்லாததை வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்வது தமிழ் படிக்கிறவருக்குப் பழகிய வேலை. உருதுவில் ஆங்கில மாணவர்களைவிட நம்மவர்கள் சீக்கிரம் ஊகிக்கத் தொடங்குவதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நிரூபிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

சொல்வளத்திலும் உங்களுக்கு இரண்டு பக்கமும் கை நீள்கிறது. சமஸ்கிருதப் பக்கம் தெரிந்ததுதான். பாரசீக, அரபுப் பக்கத்தில் நமக்கு என்ன தெரியும் என்பீர்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற தாத்தா பாட்டி பேச்சை நினைத்துப் பாருங்கள்: வக்கீல், வாரிசு, ஜாமீன், ஜப்தி, ரசீது, வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஆஜர், சிபாரிசு. எல்லாம் உருது அகராதியில் இருப்பவை. உச்சரிப்பைக் கொஞ்சம் திருத்தினால் போதும்.

இரண்டாம் வருடம் முடியும்போதுதான் இரண்டு மொழியும் பிரிய ஆரம்பிக்கும். உங்கள் டிகிரி மொழிக்கு உதவத் தொடங்குவதும் அங்கேதான். பேச்சில் நோய்க்கு இரண்டு பக்கமும் பீமாரி. இந்திக் கையேட்டில் அது ரோக், உருதுக் கையேட்டில் மர்ஜ். சுகாதாரம் இங்கே ஸ்வாஸ்த்ய, அங்கே ஸேஹத். கர்ப்பிணி இங்கே கர்பவதி, அங்கே ஹாமிலா. பொதுவாக மொழித் துறைகள் மூன்றாம் வருடத்தில் கதையும் கவிதையும்தான் கொடுக்கும். நல்லதுதான், அனுபவியுங்கள். ஆனால் கஜல் மட்டும் படித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றால் காதலியைப் பற்றிப் பேசலாம், காய்ச்சலைப் பற்றிப் பேச முடியாது.

ஆகவே இரண்டாம் வருடத்தின் இரண்டாவது செமஸ்டரில் மொழி ஆசிரியரிடம் ஒரு கிரெடிட் தனிப்பாடம் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், உங்கள் துறைக் காகிதங்களை மட்டும் படிப்பது. சரக்குக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடுகள் இந்தியில் கிடைக்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் வினாத்தாள் இந்தியிலும் உண்டு. பாகிஸ்தானில் 1994-இல் தொடங்கிய பெண் சுகாதாரப் பணியாளர் திட்டத்தின் பாடங்கள் உருதுவில். இரண்டிலும் கிராமத்துத் தாய்க்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கொடுப்பது. ஒரே பக்கத்தை இரண்டு எழுத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வினைச்சொற்கள் அப்படியே நிற்கும், பெயர்ச்சொற்கள் மட்டும் சட்டை மாற்றியிருக்கும். மொழியியல் வகுப்பு ஒரு செமஸ்டரில் சொல்வதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். உயிர்ப்புள்ளியியல் பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் கட்டுரையும் அந்த வினாத்தாளைப் பற்றியதாக இருந்தால், ஒரே வாசிப்பில் இரண்டு பாடத்துக்கு வேலை முடிந்தது.

அகராதி விஷயத்தில் ஒரு ஆசைக்குச் சொல்கிறேன். 1884-இல் வெளிவந்த பிளாட்ஸ் அகராதி உருதுவையும் இந்தியையும் ஒரே புத்தகத்தில் வைத்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் தேடும்படி போட்டிருக்கிறது. இன்றைய பேச்சுக்கு அது பழசு, ஆனால் ஒரு சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்க்க அதைப்போல ஒன்றில்லை. உருதுக் கவிதைக்கு ரேக்தா தளம். 2013-இல் தொடங்கியது. ஒரே கவிதையை உருது, தேவநாகரி, ஆங்கில எழுத்து மூன்றிலும் மாற்றிப் பார்க்கலாம், சொல்லைத் தொட்டால் பொருள் வரும். மூன்றாவது பொத்தானைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள்.

மூன்றாம் வருடம் எப்படிப் பிரிப்பது? முதல் பாதி ஜெய்ப்பூர், இரண்டாம் பாதி லக்னோ என்பது என் தேர்வு. நஸ்தாலிக் அதற்குள் கொஞ்சம் ஓடத் தொடங்கியிருக்கும். வகுப்பு இருபது மணி நேரம் தன்பாட்டுக்கு நடக்கும். வகுப்புக்கு வெளியேதான் ஏமாந்துபோவீர்கள். தங்கும் வீட்டில் பிள்ளைகள் உங்களிடம் ஆங்கிலம் பழக ஆசைப்படும். கடைக்காரர் உங்கள் முதல் வாக்கியத்திலேயே திணறலைக் கண்டுபிடித்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இதற்கு நான் கண்ட மருந்து, ஆங்கிலம் வராத ஒருவரோடு தினமும் நடக்க வேண்டிய ஒரு வேலையை வைத்துக்கொள்வது. எனக்கு அது ஒரு தையல்காரர். தைக்கக் கொடுத்தது இரண்டு குர்தாதான், ஆனால் "ஆயிற்றா" என்று கேட்கப் போய் உட்கார்ந்தது ஒன்றரை மாதம். அளவு, சாயம், அவர் மருமகனின் வழக்கு எல்லாம் பேசினோம். உங்களுக்கு அது ஒரு மருந்தகத்து அம்மாவாக இருக்கலாம், அங்கன்வாடியாக இருக்கலாம்.

லக்னோவில் ஒரு எச்சரிக்கை. அங்கே ஒருவர் தன்னைச் சொல்லவே "ஹம்" என்பார், அதாவது "நாம்". நண்பர்களைக்கூட "ஆப்" என்று மரியாதையாக அழைப்பவர்கள் உண்டு. நீங்கள் சினிமாவில் பொறுக்கிய "தூ", "தும்" எல்லாவற்றையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் தெரிந்த வாய்க்கு இது கஷ்டமில்லை.

எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பதற்கு கிரேடை நம்பாதீர்கள். ஆக்ட்ஃபில் என்ற அமைப்பின் வாய்மொழித் தேர்வு உண்டு. அரை மணி நேரம்வரை ஒருவர் உங்களைப் பேசவிட்டு, எங்கே உடைகிறீர்கள் என்று பார்த்து நிலை சொல்வார். வருடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள், இந்திக்கும் உருதுவுக்கும் தனித்தனியாக. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "நான்கு வருடம் படித்தேன்" என்பதைவிட அந்த நிலைச் சான்று பேசும். அப்பாவுக்குக் காட்டவும் ஆகும்.

அப்பாவின் பயம் இன்னும் தீரவில்லை என்றால் இப்படி ஒரு சமரசம் சொல்லுங்கள். இரண்டாம் வருட முடிவில் நின்று பார்ப்பது. அதுவரை படித்தது எதுவும் வீணாகாது, ஏனென்றால் அது பொதுச் சொத்து. அப்போது மேஜரில் மதிப்பெண் சரிந்திருந்தால் உருது எழுத்தை அளவாக நிறுத்திக்கொண்டு இந்தியில் ஒரு செமஸ்டர் மட்டும் வெளியே போய் வரலாம். மதிப்பெண் நின்றிருந்தால் முழு வருடம். இந்த முடிவை இப்போதே எடுக்கத் தேவையில்லை. மூன்றாம் வருடத்துக்கு இடம் மட்டும் இப்போதே ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, சேருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. பல துறைகளில் முதல் வருடத்தை இரண்டு பிரிவாக வைத்திருப்பார்கள்: வீட்டில் இந்தி உருது கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல்முறை சேர்ந்தபோது என் பெயரைப் பார்த்துவிட்டு என்னை முதல் பிரிவில் போட்டுவிட்டார்கள். இந்தியப் பெயர் என்றால் இந்தி தெரியும் என்று முடிவு. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. சுற்றியிருந்தவர்கள் பாட்டியோடு தினமும் இந்தி பேசுகிற பிள்ளைகள், எழுத்து மட்டும் தெரியாதவர்கள். எனக்கு எதுவுமே தெரியாது. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்து மூன்று வாரம் ஓட்டினேன், நான்காவது வாரம் பிரிவு மாற்றும் கெடு முடிந்திருந்தது. அந்த செமஸ்டரை நான் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஜூலையில் தேவநாகரியைக் கற்றுக்கொண்டு போங்கள். பிரிவு ஒதுக்கும் படிவத்தில் "எழுத்து தெரியும், பேசத் தெரியாது, வீட்டு மொழி தமிழ்" என்று எழுதிக் கொடுங்கள். முதல் வகுப்பிலேயே எல்லாரும் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தால் அன்று மாலையே துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.